நிலத்தடிச் செல்வமும் கிராமத்தின் பங்கும்

மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில் மேலூரைக் கடந்து கொட்டாம்பட்டியை நோக்கிப் பிரயாணம் செய்பவர்களுக்குக் கரடுகளும் மொட்டைப் பாறைகளும் ஆங்காங்கே தென்படும். அவற்றுள் சில, ஆதியில் எவ்வாறு இருந்தனவோ அவ்வாறே இன்றும் இருக்கின்றன. சில, கத்தியால் அறுத்த வெல்லக் கட்டிபோலச் செங்குத்தாக அறுபட்டு நிற்கின்றன. வேறு சில பாறைகள் இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் நிறைந்த ஆழமான குழிகளே எஞ்சியுள்ளன. குழிகளின் கரையில் கழிவுக் கற்கள் குன்றுபோலக் குவிந்து கிடக்கின்றன.

இவ்வட்டாரம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமியாகும். கண்மாய் நிரம்பிய ஆண்டில் நெல் விளையும். நிரம்பாத ஆண்டில் நிலக்கடலையோடும் சிறு தானியத்தோடும் திருப்தியடைய வேண்டியதுதான். கிணறு வைத்திருப்போர் தென்னையும் மாவும் பயிரிடுகின்றனர். இத்தகைய பூமியில், உழவுக்கு உதவாத பாறைக்கு வெளிநாட்டு மாளிகைகளில் விலை உண்டு என்று தெரியவந்தபோது மகிழ்ச்சி அடையாதவர் இல்லை. நம் மேலூர்ப் பகுதிக் கல்லொன்று உலகச் சந்தையில் ‘காஷ்மீர் வெள்ளை’ என்னும் வியாபாரப் பெயருடன் உலவி வருகிறது. காஷ்மீரத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. பிறந்த ஊரின் பெயர்கூட அதனுடன் செல்லவில்லை என்பதை இங்குக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

பாறை போயிற்று, ஊருக்கு வந்தது என்ன? இக்கேள்வி இவ்வட்டாரத்தில் அடிக்கடி எழுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் இங்குள்ள ஊராட்சி ஒன்றில் நடைபெற்ற கிராம சபைக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை படிக்கப்பட்டது. வீட்டு வரி நிலுவை, குடிநீர்க் கட்டணம், தெருவிளக்குக்குச் செலுத்திய மின்கட்டணம் ஆகிய யாவும் பைசா சுத்தமாகக் கூறப்பட்டன. அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து, “ஐயா, நம்ம ஊர் ஜல்லிக் குவாரியிலிருந்து நேற்று எத்தனை லாரி போச்சு?” என்று கேட்டார். தலைவர் செயலரைப் பார்த்தார். செயலர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தேன். விடை எவரிடமும் இல்லை. ஓலைக் குடிசையிலிருந்து வர வேண்டிய வரி எவ்வளவு என்பதை அறிந்திருந்த ஊராட்சிக்கு, ஊரை விட்டு நாள்தோறும் வெளியேறும் பொருள் எவ்வளவு என்பது தெரியாதிருந்தது. கனிப்பொருளால் ஒரு நாடு பயனடைவதும் பயனடையாமற் போவதும் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது என்பது என் கருத்து.

கல்லை எவ்வாறு அளக்கிறார்கள் என்பதை முதலில் கூறுகிறேன். கிரானைட் குவாரியில் மேல்மண்ணையும் வெடிப்புற்ற மேற்பாறையையும் முதலில் அகற்றுவர். பின்னர் ஜாக்ஹாமர் கொண்டு வரிசையாகத் துளையிட்டோ, வைரத் துகள் பதித்த கம்பியை ஓட்டி அறுத்தோ பெரும் பாளங்களைப் பிரித்தெடுப்பர். அவற்றில் கீறல் இல்லாதவையும் நிறம் சீராக உள்ளவையுமே விலைபோகும். ஆகவே உடைத்தெடுத்த கல்லில் பெரும்பகுதி கழிவாகக் கரையில் ஒதுங்கிவிடும். விலைபோகும் பாளத்தின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அளந்து, கன மீட்டர் கணக்கில் அரசாங்கத்துக்குச் சினியரேஜ் கட்டணம் செலுத்தி, நடைச்சீட்டுப் பெற்ற பின்னரே லாரி குவாரியை விட்டுப் புறப்பட வேண்டும். ஜல்லிக்கும் கிராவலுக்கும் இதே முறைதான், அளவைதான் வேறு.

இம்முறையில் ஓட்டை விழக்கூடிய இடங்கள் சில உண்டு. குத்தகைக்கு விட்ட சர்வே எண்ணின் எல்லையைத் தாண்டி அறுக்கலாம். நடைச்சீட்டு இல்லாமலே லாரியை அனுப்பலாம். ஒரே சீட்டைப் பல நடைகளுக்குக் காட்டலாம். பாளத்தின் அளவைக் குறைத்து எழுதலாம். எனினும் இவை யாவற்றுக்கும் ஒரு சாட்சி அங்கேயே இருக்கிறது. அது குழி. குழியின் கொள்ளளவை அளந்து, அதிலிருந்து கழிவுக் கல்லின் அளவைக் கழித்தால், ஊரை விட்டுச் சென்ற கல் எவ்வளவு என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். தஸ்தாவேஜில் உள்ள அளவோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை.

மதுரை மாவட்டத்தில் 2012ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதுவே. அவ்வாண்டு மே மாதத்தில் அப்போதைய மாவட்ட ஆட்சித் தலைவர் திரு. உ. சகாயம் அவர்கள் அரசாங்கத்துக்கு அனுப்பிய அறிக்கையில், கிரானைட் முறைகேட்டினால் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு நேர்ந்திருக்கும் என்று மதிப்பிட்டிருந்தார். அதன்பின் தனிக் குழுக்கள் குவாரிகளை அளந்தன. அவ்வாண்டிலேயே குவாரிப் பணிகள் நிறுத்தப்பட்டன. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அவர் அளித்த அறிக்கை, இழப்பை ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டது. இவை மதிப்பீடுகளே; யார் எவ்வளவு பொறுப்பு என்பதை நீதிமன்றங்களே தீர்மானிக்க வேண்டும். நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. பல ஆண்டுகள் கழித்துக் குழியை அளந்து பார்க்க நேர்ந்ததற்குக் காரணம், லாரி புறப்பட்ட அன்றே அதை எண்ணிப் பார்க்க ஊரில் ஒருவரும் இல்லாதிருந்ததுதான்.

இனி, வந்த பணத்தின் தன்மையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மாந்தோப்பு வைத்திருப்பவர் ஆண்டுதோறும் காயை விற்றுச் செலவு செய்கிறார், அது வருமானம். அதே தோப்பை விற்று வந்த பணத்தைக் கொண்டு குடும்பம் நடத்தினால், அவர் வருமானத்தைச் செலவிடவில்லை, முதலையே தின்கிறார். நெல்லை அறுத்தால் அடுத்த போகத்தில் மீண்டும் நெல் உண்டு. பாறையை அறுத்தால் மீண்டும் பாறை இல்லை. ஆகவே கனிப்பொருளிலிருந்து வரும் பணம் எவ்வளவுதான் ஆண்டுதோறும் வந்தாலும் அது விற்ற சொத்தின் விலையே ஆகும். அப்பணம் வேறொரு சொத்தாக மாறினால்தான் ஊரின் செல்வம் குறையாமல் இருக்கும். கண்மாயாகவோ, பள்ளிக்கூடமாகவோ, படித்த பிள்ளையாகவோ, வங்கியிலுள்ள முதலாகவோ அது மாறலாம்.

நான் முன்பு பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில் குவாரி வருமானம் மிகுந்த ஊராட்சி ஒன்று இருந்தது. ஊர் நுழைவாயிலில் அலங்கார வளைவும், திருவிழாவுக்குக் கலையரங்கமும், தேவைக்கு மிஞ்சிய தெருவிளக்குகளும் அமைத்தனர். குவாரி நின்ற பிறகு அத்தனை விளக்குகளுக்கும் மின்கட்டணம் செலுத்த ஊராட்சியிடம் பணம் இல்லை. வரத்துக்காலில் விழுந்த கழிவுக் கல்லை அப்புறப்படுத்தவும் பணம் இல்லை. அதனால் கண்மாய் நிரம்பவில்லை. அவ்வேலைகளுக்கு நிர்வாக அனுமதி கோரும் கோப்புகளில் கையொப்பமிட்டவர்களுள் நானும் ஒருவன். ஆதலால் ஊராரை மட்டும் குறைகூற எனக்கு உரிமை இல்லை.

கனிப்பொருள் வருவாயில் உள்ளாட்சி அமைப்புகளுக்குப் பங்கு உண்டா என்று பலர் கேட்கிறார்கள். உண்டு. 1957ஆம் ஆண்டின் மத்தியக் கனிமச் சட்டப்படி கனிமங்கள் பெருங்கனிமம், சிறு கனிமம் என இரு வகைப்படும். கட்டடக் கல், கிரானைட், கிராவல், சாதாரண மணல் முதலியவை சிறு கனிமங்கள்; இவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உரியது. நமது மாநிலத்தில் 1959ஆம் ஆண்டின் சிறு கனிமச் சலுகை விதிகள் நடைமுறையில் உள்ளன. சிறு கனிமங்களின் மூலம் வரும் தொகை, ஊராட்சிகளுக்கு ஒதுக்கித் தரப்படும் வருவாய் இனங்களுள் ஒன்றாகும்.

பெருங்கனிமங்களைப் பொறுத்தவரை நமது மாநில ஊராட்சிகளின் வரலாறு சுவையானது. 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம், நிலவரியின்மீது உள்ளாட்சி அமைப்புகளின் நிதிக்காக ரூபாய்க்கு 45 நயா பைசா வீதம் தலவரி விதிக்க வகை செய்தது. 1964இல் செய்த திருத்தத்தின் மூலம், சுரங்கக் குத்தகைதாரர்கள் செலுத்தும் ராயல்டியும் நிலவரியாகக் கருதப்பட்டு அதன்மீதும் இவ்வரி கேட்கப்பட்டது. திருநெல்வேலிப் பக்கத்தில் சுண்ணாம்புக் கல் எடுத்து வந்த இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் இதனை எதிர்த்து வழக்காடியது. 1989 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் கொண்ட அமர்வு, ராயல்டியே ஒரு வரி, அதன்மீது மாநிலம் இத்தகைய வரி விதிக்க இயலாது என்று தீர்ப்பளித்தது. 35 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 25ஆம் நாள், 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு 8க்கு 1 என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பை மாற்றியது. ராயல்டி வரியன்று, பூமியிலிருந்து பொருள் எடுத்துக்கொள்ளும் உரிமைக்காகத் தரப்படும் தொகையே. கனிமம் உள்ள நிலத்தின்மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று அது கூறியது. அதனைத் தொடர்ந்து நமது சட்டமன்றம் கனிம நில வரிச் சட்டத்தை 2024இல் நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. பழைய தலவரி உள்ளாட்சிகளுக்காக விதிக்கப்பட்டது. இப்புதிய வரி மாநில அரசாங்கத்துக்குச் செல்வது. இதன் ஒரு பகுதியாவது குழி தோண்டப்பட்ட ஊரைத் திரும்பி அடைய வேண்டும் என்பது, ஒன்றியத்தில் பணியாற்றும் என்போன்றோரின் விருப்பம்.

மற்றொரு வழியும் 2015 முதல் திறந்திருக்கிறது. அவ்வாண்டு மத்தியச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, சுரங்கத் தொழில் நடைபெறும் மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்கப்படுகிறது. அரசாங்கத்துக்குச் செலுத்தும் ராயல்டியோடு கூடுதலாகக் குத்தகைதாரர் இதற்கும் ஒரு தொகை தருகிறார். பெருங்கனிமங்களில், 2015 ஜனவரி 12ஆம் நாளுக்கு முன் பெற்ற குத்தகையாயின் ராயல்டியில் 30 சதவீதமும், பின்னர் ஏலத்தில் எடுத்ததாயின் 10 சதவீதமும் ஆகும். தமிழகத்தில் இதற்கான விதிகள் 2017இல் வகுக்கப்பட்டன. சுரங்கத்தினால் பாதிக்கப்பட்ட மக்களுக்கும் பகுதிகளுக்குமே இப்பணம் செலவிடப்பட வேண்டும். குடிநீர், சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, பெண்கள் மற்றும் குழந்தைகள் நலம் ஆகியவற்றுக்கே பெரும்பங்கு செல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் எந்த விதியும் தானாக ஊருக்குள் நடந்து வருவதில்லை. கிராம சபை தீர்மானம் இயற்றி, மதிப்பீட்டுடன் கேட்டால்தான் இப்பணம் வரும். இப்படியொரு நிதி இருப்பதையே அறியாத ஊராட்சித் தலைவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

இப்பிரச்சினை நமக்கு மட்டும் உரியதன்று. கனிவளம் மிகுந்த ஏழை நாடுகள் பலவும் இதே சோதனைக்கு உள்ளாகியுள்ளன. அவற்றுள் இரண்டின் கதையை நமது கிராமவாசிகள் அறிந்திருப்பது நலம்.

ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள போட்ஸ்வானா 1966இல் சுதந்திரம் அடைந்தது. பெரும்பகுதி பாலைவனம்; தொழிலோ ஆடுமாடு மேய்த்தல். உலகின் மிக ஏழை நாடுகளுள் ஒன்றாக அது கருதப்பட்டது. மறு ஆண்டில் ஒராபா என்னுமிடத்தில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நிலம் நாட்டின் முதல் தலைவரான செரெட்சே காமா பிறந்த குலத்தாருக்கு உரிய பிரதேசத்தில் இருந்தது. அவர் விரும்பியிருந்தால் அதைத் தம் குலத்தின் சொத்தாகவே வைத்திருக்கலாம். ஆனால் 1967இல் இயற்றிய சட்டத்தின் மூலம், எக்குலத்தாரின் நிலத்துக்கு அடியில் கிடைத்தாலும் கனிப்பொருள் நாடு முழுவதற்கும் பொது என்று ஆக்கப்பட்டது. சுரங்கத்தில் அரசாங்கத்தின் பங்கு தொடக்கத்தில் 15 சதவீதமே. 1975இல் வைர நிறுவனத்தோடு மீண்டும் பேசி அதைச் சரிபாதியாக உயர்த்தினர். வைரப் பணம் சாலைகளாகவும் பள்ளிகளாகவும் மருத்துவ நிலையங்களாகவும் மாறியது. உபரித் தொகையைச் சேமிக்க 1994இல் ஒரு நிதியம் அமைத்தனர். அதன் பெயர் ‘புலா’. அவர்கள் மொழியில் அச்சொல்லுக்கு மழை என்று பொருள். வறண்ட நாட்டில் பணத்துக்கும் அதே பெயர்தான். மழையை எதிர்நோக்கும் கொட்டாம்பட்டி விவசாயிக்கு இப்பெயரின் அருமை நன்கு விளங்கும். அதே 1994இல், மிகவும் பின்தங்கிய நாடுகள் என ஐக்கிய நாடுகள் சபை வைத்திருக்கும் பட்டியலிலிருந்து முதன்முதலாக முன்னேறி வெளியேறிய நாடு என்ற பெருமையை அது பெற்றது.

போட்ஸ்வானாவிடமும் குறை இல்லாமல் இல்லை. வைரத்தைத் தவிர வேறு தொழில் போதிய அளவு வளரவில்லை. ஆலையில் செய்யப்படும் வைரம் சந்தையை நிரப்பத் தொடங்கியதும் அதன் வருமானம் ஆட்டங்கண்டது. 2024இல் நாட்டின் பொருளாதாரமே சுருங்கியது. ஒரே மரத்தில் ஊஞ்சல் கட்டியவர்களின் கவலை அது. ஆயினும் அங்கு வைரம் போன இடத்தில் படித்த தலைமுறை ஒன்று எஞ்சியிருக்கிறது.

மற்றொன்று பசிபிக் மகாசமுத்திரத்திலுள்ள நவூரு என்னும் தீவு. அத்தீவு முழுவதும் 21 சதுர கிலோமீட்டர்தான். அங்குப் பூமி முழுவதும் பாஸ்பேட் என்னும் உரக்கல் நிறைந்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அயலார் அதை வெட்டி ஆஸ்திரேலியாவின் வயல்களுக்கும் நியூஜிலாந்தின் மேய்ச்சல் நிலங்களுக்கும் அனுப்பி வந்தனர். 1968இல் சுதந்திரம் பெற்ற பின் சுரங்கம் தீவினருக்கே சொந்தமாயிற்று. 1970களில் தலைக்கு வருமானம் கணக்கிட்டால் உலகின் முன்னணிச் செல்வர்களுள் அவர்களும் இருந்தனர். வரி கிடையாது, மருத்துவமும் கல்வியும் இலவசம். எதிர்காலத்துக்கென ஓர் அறக்கட்டளையும் வைத்திருந்தனர். ஆகையால் சேமிக்கவில்லை என்று அவர்களைக் குறைகூற இயலாது. சேமித்ததைக் காத்தவர்கள் யார், அவர்களைக் கேட்டவர்கள் யார் என்பதில்தான் பழுது நேர்ந்தது. மெல்போர்ன் நகரத்தில் 52 மாடிக் கட்டடம் எழுப்பினர். லண்டனில் 1993இல் ஒரு நாடகத்துக்குப் பணம் போட்டு இழந்தனர். நூற்றாண்டு முடிவதற்குள் உரக்கல்லும் தீரும் நிலைக்கு வந்தது, பணமும் கரைந்தது. மெல்போர்ன் கட்டடம் 2004இல் விற்கப்பட்டது. இன்று தீவின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நிலம், கூரிய பவளப் பாறைகள் துருத்தி நிற்கும் பொட்டல். அங்கு உழவும் இயலாது, குடியிருக்கவும் இயலாது.

நவூருவின் பரப்பை நான் முன்னரே குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. மேலூர் தாலுகாவில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று மத்திய சுரங்கத் துறை ஏலம் விட்ட நிலப்பகுதியின் பரப்பு 2,015.51 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர். நவூரு தேசம் முழுவதும் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. ஏக்கரில் கூறினால் ஏறத்தாழ 5,000.

டங்ஸ்டன் அற்பமான பொருளன்று. பழைய மின்விளக்கின் இழையும், இரும்பை அறுக்கும் கருவிகளின் முனையும் அதனால் ஆனவை. நம் ஊரில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியின் துளைமுனையில் பதித்திருக்கும் குமிழ்களும் டங்ஸ்டன் கார்பைடே. உலக உற்பத்தியில் பெரும்பகுதி சீன தேசத்தின் கையில் இருக்கிறது. ஆதலால் நம் நாடு அதைத் தேடுவதில் நியாயம் உண்டு. 2023இல் செய்த சட்டத் திருத்தத்தின்படி, இத்தகைய முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசாங்கத்திடம் சென்றது. கிடைக்கும் வருவாய் மாநிலத்துக்கு உரியது. 2024 நவம்பர் 7ஆம் நாள் இத்தொகுதியின் ஏல முடிவு வெளியாயிற்று.

ஏலம்போன அந்தப் பரப்பில் அரிட்டாபட்டி இருந்தது. 2022 நவம்பரில் தமிழகத்தின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசாங்கம் அறிவித்த பகுதி, அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு கிராமங்களிலுமாக 193 ஹெக்டேர் கொண்டது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 இயற்கைச் சுனைகள், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் அங்கு உள்ளன என்று அவ்வறிவிப்பு கூறியது. லகுடு என்னும் அரிய வல்லூறும், எறும்புத்தின்னியும், தேவாங்கும் அங்கு வாழ்கின்றன. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், சமணர் படுக்கைகளும், பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயிலும் அக்குன்றுகளில்தான் இருக்கின்றன. குன்றில் பெய்யும் மழை சுனையாகிக் கண்மாய்க்கு வந்து வயலை நனைக்கிறது. குன்றை எடுத்துவிட்டுக் கண்மாயை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

இதன்பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. அவ்வாண்டு நவம்பரில் நடைபெற்ற கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் இயற்றப்பட்டன. டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றம் ஏலத்தை ரத்து செய்யுமாறு தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7ஆம் நாள் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்து சென்றனர். ஜனவரி 23ஆம் நாள் மத்திய அரசாங்கம் அவ்வேலத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. இதற்கு முன்பே, 2023இன் பிற்பகுதியில், நமது வட்டாரத்தைச் சேர்ந்த சேக்கிபட்டி, அய்யாபட்டி, திருச்சுனைப் பகுதிகளில் கிரானைட் குவாரி ஏலம் அறிவிக்கப்பட்டு, மக்கள் எதிர்ப்புத் தெரிவித்ததனால் கைவிடப்பட்டது.

இவற்றைக் கொண்டு, சுரங்கமே கூடாது என்பதுதான் இப்பகுதி மக்களின் கொள்கை என்று சிலர் பேசுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. இதே ஊர்களில் கல்லுடைத்துப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. ஊர்ப் பள்ளிக்கூடமும் பாலமும் ஜல்லி இல்லாமல் எழுந்தவை அல்ல. பூமிக்கு அடியில் உள்ளதன் விலையை ஏலம் விடுவோர் கணக்கிட்டனர். பூமிக்கு மேல் உள்ளதன் விலையை ஊரார் கணக்கிட்டனர். இரண்டாவது கணக்கையும் முன்னதாகவே ஊராரைக் கூட்டிக் கேட்டிருந்தால், அத்தனை பேர் நெடுஞ்சாலையில் நடந்திருக்க வேண்டியதில்லை. ஒடிசாவில் நியம்கிரி மலையின் பாக்சைட் பற்றி 2013இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளையே கேட்கச் சொன்னது. 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. அங்கு அவ்வாறு கேட்க வழிசெய்தது வன உரிமைச் சட்டம். நமது சமவெளிக் கிராமங்களின் கிராம சபைத் தீர்மானத்துக்கு அத்தகைய சட்ட பலம் இன்னும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல உரிமை உள்ளவனுக்குத்தான் சரி என்று சொல்லும்போது நல்ல விலை கேட்க முடியும். மாட்டுத் தாவணிக்குச் சென்று வந்தவர்களுக்கு இதை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

இனி, நமது ஊராட்சிகள் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. குவாரி உள்ள ஒவ்வோர் ஊராட்சியும் கனிமப் பதிவேடு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். குத்தகைக்கு விட்ட சர்வே எண், எல்லைக் கற்களின் இருப்பிடம், குத்தகை முடியும் தேதி, மாதந்தோறும் வழங்கப்பட்ட நடைச்சீட்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மாவட்டக் கனிம வள அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெற்று அதில் பதிய வேண்டும். அதைக் கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டும். லாரி போகும் பாதையில் தேநீர்க் கடை வைத்திருப்பவருக்கும், ஆடு மேய்க்கும் பெண்மணிக்கும் நாளொன்றுக்கு எத்தனை வண்டி போகிறது என்பது சுமாராகத் தெரியும். படிக்கப்படும் எண் பொய்யானால் அவர்களே சொல்லிவிடுவர்.

குவாரி தொடங்குவதற்கு முன்பே வரத்துக்கால், ஓடை, கண்மாய் ஆகியவற்றின் எல்லையைக் கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டு அளந்து கல் நட்டுவிட வேண்டும். கழிவுக் கல் விழுந்த பிறகு ஓடை எங்கே இருந்தது என்று தேடுவது வீண்வேலை. குவாரி வருமானத்தில் ஒரு பகுதியைத் தெருவிளக்குக்கும் மோட்டார் பழுதுக்கும் எடுக்காமல், கண்மாய் மராமத்துக்கென்றே ஒதுக்கிவைக்கத் தீர்மானம் இயற்றலாம். கல்லில் துளையிடும்போது தண்ணீர் தெளிக்கச் சொல்லிக் குத்தகைதாரரை வற்புறுத்த வேண்டும். உலர்ந்த கல்தூசி நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிக்கோசிஸ் நோய்க்கு முழுக் குணம் கிடையாது. காசநோய் என்று எண்ணி அதற்கு மருந்து சாப்பிட்டு ஏமாந்தவர்கள் பலர்.

குழிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1999ஆம் ஆண்டின் கிரானைட் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகள், வெட்டி முடித்த நிலத்தைச் சீர்படுத்துவதையும் குத்தகைதாரரின் கடமையாகவே வைத்துள்ளன. அது நிறைவேறாத இடங்களில் குழிகள் திறந்து கிடக்கின்றன. குளிக்கச் சென்ற பிள்ளைகள் உயிரிழந்த செய்தி ஆண்டுதோறும் எங்கேனும் வருகிறது. முதல் வேலை வேலி. அடுத்தபடியாக அத்தண்ணீரைப் பற்றிச் சிந்திக்கலாம். 2017இலும் 2019இலும் சென்னை மாநகரம் வறட்சியில் தவித்தபோது, மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரித்து நகரத்துக்கு வழங்கினர். பரிசோதனை செய்யாமல் எக்குழியின் நீரையும் குடிக்கக் கொடுத்தல் கூடாது. சோதனையில் தேறாத நீரும் மீன் வளர்ப்புக்கோ தென்னைக்கோ பயன்படக்கூடும்.

முதலில் குறிப்பிட்ட ஊராட்சியில் கனிமப் பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. அடுத்த கிராம சபையில் செயலர் அதை எழுந்து படித்தார். சென்ற மாதம் இத்தனை சீட்டு என்று அவர் கூறியதும், கூட்டத்தில் சிறிது நேரம் கசமுசவென்று பேச்சு நடந்தது. சிலர் விரல் விட்டு எண்ணினர். கேள்வி கேட்ட அதே முதியவர் மீண்டும் எழுந்தார். “சீட்டுக் கணக்கு சரி ஐயா. வெள்ளிக்கிழமை ராத்திரி போன வண்டி இதில் சேர்த்தியா?” என்று கேட்டார். அதைக் குறித்துக்கொண்டு கனிம வள அலுவலகத்துக்குக் கடிதம் எழுதும்படி செயலரிடம் கூறினேன்.